டிரில் மாஸ்டர் பிடித்த முட்டை

எனக்கு முட்டை பிடிக்கும் ஐயா. அவித்தது, பொரித்தது, குழம்பில் உடைத்து ஊற்றியது, எதையும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டைமேல் எனக்கு ஏதோ பகை என்று பின்னால் யாரும் நினைத்துவிடக் கூடாது. மீரான் சாகிபுமேலும் பகை இல்லை. பூனைகள்மேல் அறவே இல்லை.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு நீங்கள் பூனைகளைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஆனால் பூனையிலிருந்து ஆரம்பித்தால் நான் கிறுக்கன் மாதிரித் தெரிவேன். ஓட்டலிலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் நியாயமாக, வரிசையாக வரும்.

என் பெயர் பூமிநாதன். இதே காரைக்குடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக டிரில் மாஸ்டர். பந்தை எறியவும் பிடிக்கவும் கற்றுக்கொடுப்பது என் உத்தியோகம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம், கல்லுக்கட்டிக் கடைவீதிக்குப் பின்னால் உள்ள சந்தில் மீரான் சாகிபு ‘சயாம் ஓட்டல்’ திறந்தார். இருபது வருஷம் பாங்காக்கில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஒரு ஜப்பான் கம்பெனியின் சாப்பாட்டுக்கூடத்தில் சமையல் செய்திருக்கிறார். உள்ளே அடுப்படியில் அவர் மனைவி சைதுன் பீவி சயாம் பதார்த்தங்கள் செய்வார். எலுமிச்சை வாசமடிக்கும் ஒரு புல்லைப் போட்ட புளிப்பு ரசம், தேங்காய்ப்பாலில் கொதித்த கோழி, இடியாப்பத்தை எடுத்து வதக்கினாற்போல ஒன்று. வெளியே மீரான் சாகிபு, ஜப்பான் முறைப்படி. கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்புக்கல், அடியில் கரி நெருப்பு, மூன்று பக்கமும் பெஞ்சு. வந்தவர்கள் கல்லைச் சுற்றி உட்கார வேண்டும். அவர் நம் முகத்துக்கு எதிரே நின்று சமைப்பார்.

சமைப்பார் என்றால் போதாது. இரண்டு தோசைக்கரண்டிகளை வைத்துக்கொண்டு கல்லில் தவில் வாசிப்பார். வெங்காய வட்டங்களைக் கோபுரமாக அடுக்கி, நடுவில் எண்ணெய் விட்டுக் கொளுத்துவார். தீ குப்பென்று எழும். சனங்கள் அதற்குச் சொக்கப்பனை என்று பெயரே வைத்துவிட்டார்கள். கடைசியில் முட்டை. பொரித்துச் சின்னச் சதுரமாக வெட்டி, கரண்டி நுனியால் ஒரு சுண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவர் வாயால் பிடிக்க வேண்டும். பிடித்தால் பெஞ்சு முழுக்கக் கைதட்டும்.

முதல் வெள்ளிக்கிழமை நான் என் மனைவி வீரலட்சுமியையும் மாமியாரையும் கூட்டிப்போனேன். வீரலட்சுமி பிடித்துவிட்டாள். அவள் வாயைத் திறந்ததே எனக்குத் தெரியவில்லை, மென்றுகொண்டிருந்தாள். அடுத்து என் மாமியார் சின்னத்தாயி. வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு மறு கன்னத்தில் வாங்கிக்கொண்டார்.

“இம்புட்டுத்தானா? இதுக்கா ஊரே கூடி நிக்குது?” என்றார்.

அடுத்தது எனக்கு. என் மூக்கில் பட்டு, தண்ணீர் டம்ளரில் விழுந்தது.

“மாப்ளே, வாயத் தொறந்து வச்சிருக்கணும்” என்றார் மாமியார்.

திறந்துதான் வைத்திருந்தேன் ஐயா.

அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளை எல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை. காதில் பட்டது. சட்டைப்பைக்குள் போனது. ஒரு தடவை பக்கத்தில் இருந்தவர் ரசக்கிண்ணத்தில் விழுந்து, அவர் அதையும் சேர்த்துக் குடித்துவிட்டார். மூன்று மாதத்தில் நாற்பத்தொரு துண்டு. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. எங்கள் தலைமையாசிரியர் அழகுசுந்தரம், சொக்கப்பனைப் புகையில் கண்ணை மூடிக்கொண்டு கொட்டாவி விட்டபோது பிடித்தார். நீங்களே இரண்டு தடவை பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை.

இதெல்லாம் ஓட்டலோடு நின்றிருந்தால் நானும் நிறுத்தியிருப்பேன். சித்திரை மாதம் ஒரு நாள் காலையில் மைதானத்தில் நின்று விசில் ஊதினேன். எட்டாம் வகுப்பு வரிசை முழுக்க அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. ‘அட்டென்ஷன்’ என்றேன். வாய் மூடவில்லை. பத்தொன்பது வருஷ உத்தியோகம் ஐயா.

நான் முறையாகத்தான் ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தேன். முதலில் பயிற்சி. தினமும் சாயங்காலம் வீட்டு முற்றத்தில் வீரலட்சுமியை எறியச் சொன்னேன். கண்ணைப் பந்தில் வை, மற்றது தானாக வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். அப்படியே கண்ணை முட்டையில் வைத்தேன். முட்டை கண்ணுக்குத்தான் வந்தது. நாலாம் நாள் அவளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது, பயிற்சி நின்றுபோனது.

பிறகு மீரான் சாகிபிடம் தனியாகப் பேசினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், ஒங்களுக்குன்னா நா மெதுவாத்தான் விடுறேன். மெத்துமெத்துனு இருக்குற துண்டாப் பாத்து எடுத்துத்தான் விடுறேன். மனசுல வச்சுக்கிறாதீக. எனக்கே ராத்திரி படுத்தா இதே நெனப்புதான்.”

இதை நான் வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். மெதுவாக, நேராக, மெத்தென்ற துண்டாக எறிகிறார் என்றால் குறை என்னிடம் இருக்கிறது என்று ஆகிறது. அது சாத்தியமில்லை. ஆகவே அவர் பொய் சொல்கிறார். வேண்டுமென்றே கோணலாக எறிந்து, அதை மறைக்கக் கையைப் பிடித்துக்கொள்கிறார். கையைப் பிடிக்கிறவர்களிடம் நான் எப்போதும் ஜாக்கிரதையாக இருப்பேன்.

எறிந்து கொடுக்கும் உணவு தொண்டையில் அடைத்தால் உயிருக்கு ஆபத்து என்று சுகாதார அதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டேன். பொதுநலம்தான். அதிகாரி ஒரு சனிக்கிழமை வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்று துண்டு தொடர்ந்து பிடித்தார். மச்சினனைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்.

அதற்கு அப்புறம்தான் பூனை.

நான் யாரைப் பற்றியும் புரளி கிளப்பவில்லை. இதை நீங்கள் கவனமாக எழுத வேண்டும். ஆசிரியர்கள் அறையில் ஒரு நாள் டீ குடிக்கும்போது, “கல்லுக்கட்டிச் சந்துல முன்னெல்லாம் பூனை நெறைய இருக்கும், இப்பக் காணமே?” என்று கேட்டேன். கேட்டது மட்டும்தான். தமிழ் வாத்தியார் டீயைக் கீழே வைத்துவிட்டு, முதல் நாள் சாயங்காலம் தான் சாப்பிட்ட தேங்காய்ப்பால் கோழியைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்.

அன்று மத்தியானம் அந்தச் சந்து வழியாகப் போனேன். பூனைகள் இருந்தன. எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஓர் ஆசிரியர் வாயிலிருந்து உண்மைக்கு மாறான வார்த்தை வரலாமா? சொன்ன சொல்லை உண்மையாக்குவது என் கடமை ஆகிவிட்டது.

மத்தியான வேளையில் அந்தச் சந்தே உறங்கும். ஒரு சாக்கு, கொஞ்சம் நெத்திலிக் கருவாடு, அவ்வளவுதான். முட்டையைப் பிடிக்க வராத எனக்குப் பூனை பிடிக்க நன்றாக வந்தது. ஒரு பூனைகூடத் தப்பவில்லை. ஒற்றைக் கையால், ஓடும்போதே பிடித்தேன். கைதட்டத்தான் யாரும் இல்லை.

கொல்கிற ஆள் இல்லை நான். கண்டனூரில் மலாயாக்காரக் குடும்பத்தின் பெரிய வீடு ஒன்று எப்போதும் பூட்டிக் கிடக்குமே, அங்கே காவல் இருக்கும் சோணை எனக்கு அண்ணன் முறை. பின்கட்டில் எலித்தொல்லை என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாக்கோடு பஸ் ஏறினேன்.

“சாக்குக்குள்ள என்ன சார்?” என்றார் கண்டக்டர்.

“டிரில் சாமான்.”

“கத்துது?”

“புதுசு” என்றேன்.

சோணையண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம். பூனைகளைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “இம்புட்டு வருசத்துல நா சொன்னதக் காதுல வாங்குனது நீ ஒருத்தன்தான்டா தம்பி” என்றார். ஆகவே அது ஓர் உதவி. வாராவாரம் கருவாடும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பூனைகளுக்கு நான் செய்ததை அந்தச் சந்துக்காரர்கள் ஒரு நாளும் செய்ததில்லை.

ஆனி முடிவதற்குள் பத்துப் பூனை போய்விட்டது. ஓட்டலில் கூட்டம் பாதியானது. கோழி என்று போர்டில் எழுதியிருந்தால் சனங்கள் அதை இரண்டு தடவை படித்தார்கள். என் மாமியார் மட்டும், “எதா இருந்தா என்ன, ருசியா இருக்குல்ல” என்று போய்க்கொண்டிருந்தார். அவர் கணக்கில் வரமாட்டார்.

பதினோராவது பூனை அவர்களுடையது.

சைதுன் பீவி சயாமிலிருந்தே கப்பலில் கொண்டுவந்த பூனை. உடம்பு சந்தன நிறம், முகம் மட்டும் கரி பூசினாற்போல இருக்கும், கண் நீலம். ஊரில் அந்தப் பூனையைத் தெரியாதவர்கள் கிடையாது. அது கல்லாப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் சனங்களுக்கு ஒரு தைரியம் இருந்தது. அந்தப் பூனைதான் பாக்கி நின்ற ஒரே தப்பான அத்தாட்சி என்று எனக்குத் தோன்றியது. அது சாக்குக்குள் தானாகவே நடந்து போனது. என்னை அதற்கு நன்றாகத் தெரியும், வெள்ளிக்கிழமைதோறும் நான் தவறவிடும் முட்டையை அதுதான் தின்னும்.

அடுத்த நாள் சைதுன் பீவி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அழுது முகம் வீங்கியிருந்தது.

“வாத்தியாரய்யா, ஒங்க பள்ளிக்கொடத்துப் புள்ளைக தெருவெல்லாம் சுத்துமே. எங்க பூனையப் பாத்தாகளான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுவீகளா? புள்ள இல்லாத வீடு. அது ஒண்ணுதான்.”

விசாரிக்கிறேன் என்றேன். விசாரிக்கவும் செய்தேன். காலை அணிவகுப்பில், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் முன்னால், ஒலிபெருக்கியில். சயாம் ஓட்டல் பூனையைக் காணவில்லை, யாராவது பார்த்தீர்களா என்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கறிக்குப் பூனை கிடைக்காமல் வளர்த்ததையே போட்டுவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது.

பத்து நாளில் கல் ஆறிப்போனது.

கண்டனூர்க் கல்யாணத்தில் நடந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மறு வருஷமே, போன ஆவணியில், கல்யாணத்துக்காக மலாயாவிலிருந்து வந்து அந்த வீட்டைத் திறப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வீட்டுக்கார உமையாள் ஆச்சி பின்கட்டுக் கதவைத் திறந்ததும் முப்பத்து நாலு பூனை வெளியே வந்து, மாப்பிள்ளை வீட்டாரை மிதித்துக்கொண்டு பால் அண்டாவுக்குப் போயிருக்கின்றன. நான் கொண்டுபோய் விட்டது பதினொன்று. மிச்ச இருபத்து மூன்றுக்கு நான் பொறுப்பு இல்லை. அது அவற்றின் குடும்ப விஷயம். கல்யாணத்துக்கு வந்திருந்த நீங்கள் நீலக்கண் பூனையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டீர்கள். சோணையண்ணன், “எங்க வாத்தியாரு தம்பி குடுத்தது” என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் நீங்கள் கூப்பிட்டதும் உடனே வந்தேன்.

ஓட்டல் மூடிய நாளன்று சாயங்காலம் நான் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை, வழக்கமாகப் போகிற நாள். பெஞ்சில் வேறு யாரும் இல்லை. மதுரையில் ஓர் ஓட்டலில் பரோட்டா போட ஆள் கேட்டார்கள் என்று மீரான் சாகிபு சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். கல்லைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சாக்கை அவிழ்த்துக் கல்லைத் திரும்ப ஏற்றினார். ஒற்றை ஆளுக்காகக் கரி மூட்டினார்.

“நீங்க ஒராளுதான் சார் கடைசி வரைக்கும் வந்தீக. ஒங்கள வெறுங்கையோட அனுப்ப மனசு வரல” என்றார்.

சொக்கப்பனை கொளுத்தினார். தவில் வாசித்தார். ஒரே ஒரு முட்டைதான் இருந்தது. பொரித்தார், வெட்டினார். பிறகு கல்லைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் நின்றார். கரண்டியை என் வாய்க்கு நேராகப் பிடித்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி, மெல்ல ஒரு சுண்டு.

முட்டை என் கீழுதட்டில் வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் இருந்தது. அதன் சூடு எனக்குத் தெரிந்தது. அப்புறம் மடியில் விழுந்தது.

மீரான் சாகிபு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினார்.

“புடிச்சிட்டீக சார். சைதூன், இங்குட்டு வா, சார் புடிச்சிட்டாக.”

அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து நின்று, அவரும் தட்டினார்.

பதினொரு பூனையும் நான் பிடித்ததுதான் ஐயா. அவர்கள் கோழியைத் தவிர வேறு எந்தக் கறியும் சமைத்ததில்லை என்றும் எனக்குத் தெரியும், ஆரம்பத்திலிருந்தே தெரியும். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கெல்லாம் மேலே, முதல் வரியில், முட்டையை எழுத வேண்டும். மடியில் விழுந்தது உண்மை. பிடித்த பிறகுதான் விழுந்தது. சந்தேகம் இருந்தால் மதுரைக்கு ஆள் அனுப்பி அந்த இரண்டு பேரையும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பொய் சொல்கிற மனிதர்கள் இல்லை.