மகன் இல்லை என்றவர்

ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் கீரை வாங்க நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஈழத்தமிழர் இருவரில் மூத்தவர் சொன்னார்:

"பொலிஸ் வாசலுக்கு வந்து கேட்டவுடனை, எனக்கு மகனே இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

"ஏனண்ணை, பெடியன் என்ன செய்தவன்?"

"பார்க்கில சிநேகிதப் பெடியளோட பிளாஸ்டிக் குண்டு சுடுற விளையாட்டுத் துவக்கோட ஓடித் திரிஞ்சவன். நாயோட நடந்த மனிசி ஒண்டு உண்மைத் துவக்கெண்டு பயந்து பொலிசுக்கு கோல் எடுத்திட்டுது."

"அதுக்குப் பிடிப்பாங்களோ?"

"இல்லை. நகரக் கவுன்சிலிட்டக் கேக்காமல் பொது இடத்தில விளையாடாதையெண்டு சொல்லத்தான் வந்தவங்கள். மகன் எனக்குப் பின்னால நிண்டு எல்லாத்தையும் கேட்டவன். அதுக்குப் பிறகு என்னோட கதைக்கிறேல்ல."

மூத்தவர் ஒரு கீரைக்கட்டை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"ஊரில ஆமி தம்பியைத் தேடி வந்த அண்டைக்கும் இப்பிடித்தான் சொன்னனான், எனக்குத் தம்பியே இல்லையெண்டு. அவங்கள் நம்பேல்ல. உள்ள வந்து பிடிச்சுக்கொண்டு போனவங்கள். பிறகு அவனைக் காணவே இல்லை."

"இதை மகனுக்குச் சொல்லுங்கோவன் அண்ணை. விளங்கிக்கொள்ளுவான்."

"எப்பிடிச் சொல்ல? எனக்கொரு தம்பி இருந்தவனெண்டே அவனுக்கு இண்டைவரைக்கும் சொல்லேல்ல."