சர்வருக்குப் போட்ட பூஜை

ஆயுத பூஜைக்கு மறுநாள் வேலம்பாளையம் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு பனியன் கம்பெனி மேனேஜரும், அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“பொட்டு வெக்கத்தானுங்க சர்வர் மூடியைக் கழட்டினோம். தேங்காய் உடைக்கறப்ப தண்ணி உள்ள போயிருச்சு” என்றார் மேனேஜர்.

“மூடி மேலயே பொட்டு வெக்கலாமில்லீங்க?”

“வேலை செய்யறது உள்ளதானுங்க இருக்குது.”

“சரி விடுங்க. ஆர்டர் விவரமெல்லாம் பேக்கப் டிஸ்க்குல இருக்கும்.”

“அதுவும் நனைஞ்சிருச்சுங்க.”

கம்ப்யூட்டர்காரர் மேனேஜர் பக்கம் திரும்பினார். “அதைத் தனியா முதலாளி ஊட்டு பீரோவுல வெக்கச் சொன்னேனுங்களே?”

“அங்கதானுங்க இருந்துச்சு. பூஜைக்குன்னு கூட்டிட்டு வந்தோம். அதை மட்டும் விட்டுட்டா ஓரவஞ்சனை ஆயிருமுங்களே.”