லைன் வராத வீடு

மலாக்காவிலிருந்து கோலா சுங்கை பாருவுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. இளையவள் மடியில் ஒரு ஹார்ட் டிஸ்க்.

"பொண்ணோட அப்பாவ நாந்தான்கா அழிச்சிட்டேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு காதை மட்டும் அங்கேயே விட்டேன்.

"பந்தி சீன்தானே? சாப்புடறத யாரு பாக்கப் போறா? கம்ப்யூட்டர்ல இடம் பத்தலன்னா நாம எப்பவும் அதத்தானே மொதல்ல தூக்குவோம்."

"அந்தப் பந்தியிலதான் அவரு ரசம் ஊத்திக்கிட்டு சிரிச்சாரு. போன வாரம் தவறிட்டாரு. பொண்ணு அந்த ஒரு சீனக் கேட்டு போன்ல அழுவுது. ஷேர் போல்டர்ல ஒரு காப்பி இருக்கும்னு நெனச்சிட்டேன்."

"அது காப்பி இல்லலா. இங்க அழிச்சா எல்லார் கம்ப்யூட்டர்லயும் போயிடும்."

"நம்மகூட எடிட் பண்ற சேகரண்ணே வீட்டு கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்கும். மூணு நாளா அவரு வீட்டுல இண்டர்நெட் லைன் இல்ல. லைன் வந்துச்சுன்னா அதுவும் போயிடும். அதுக்குள்ள நாம போயி இந்தக் காலி டிஸ்க்குல ஏத்திடணும். காலையிலேருந்து போனும் எடுக்கல."

"நல்ல லைன் போடுங்கன்னு அவர எவ்ளோ திட்டியிருப்போம்!"

மஸ்ஜிட் தானா ஊரைத் தாண்டியதும் இளையவளின் போன் அடித்தது.

"அண்ணே, மொதல்ல இண்டர்நெட் ஒயர புடுங்குங்க!"

பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"என்னடி சொன்னாரு?"

"லைன் இன்னும் வரலையாம். அதனால நம்ம வேலைய கெடுத்துட்டேன்னு மன்னிப்பு கேக்குறாருக்கா."