சேணம் தெரியாத கண்ணாடி

என் பெயர் டோக்டோனாலி, தகப்பனார் பெயர் சபிர். வயது ஐம்பத்து நான்கு. நாரின் மாகாணம், கரா-ஜார் கிராமத்தில் மனைவி சாய்கால், மகன் எர்மெக் ஆகியோருடன் வசித்து வருகிறேன். டிராக்டர் மெக்கானிக் வேலை செய்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பிலும் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்தேன், அதை எழுத வேண்டாம் என்றேன், ஆய்வாளர் எழுதிவிட்டார்.

எங்கள் ஊர் மேய்ப்பர் காசிமாலி குண்டு பட்டு இறந்த வழக்கில் காவலில் இருக்கும் எர்மெக் என் ஒரே மகன். குளிர்காலத்தில் எங்கள் குதிரைகள் மலையில் அவிழ்த்துவிட்டபடி தாமாக மேயும்; முதுகில் சேணம் இருந்தால் பக்கத்தில் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். காசிமாலியின் குதிரை மேல் சேணம் இருந்ததைப் பார்த்த பிறகும் என் மகன் சுட்டான் என்பது புகார். அது சம்பந்தமாக எனக்குத் தெரிந்ததைச் சொல்ல நானாகவே வந்தேன்.

வழக்கில் உள்ள துப்பாக்கி போர்க்காலத்தில் மறைந்திருந்து சுடும் சிப்பாய்களுக்காகச் செய்யப்பட்டது. போருக்குப் பிறகு கூட்டுப்பண்ணைக்கு ஓநாய் சுடக் கொடுக்கப்பட்டு, பின்னர் முறைப்படி என் பெயருக்குப் பதிவானது. என்னிடம் வந்தபோது கட்டையில் கீறலும் குழாயில் துருவும் இருந்தன. தொலைநோக்கி மாட்டும் துளைகளை எவனோ திருகு வைத்து அடைத்திருந்தான். நான் அந்தத் திருகுகளைக் குடைந்தெடுத்து, கட்டைக்குச் சூடாக ஆளிவிதை எண்ணெய் ஏற்றி, அதன் பிறகு தலைநகரில் பழஞ்சாமான் சந்தையில் அதே காலத்துத் தொலைநோக்கி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அதன் தாங்கி வேறொரு துப்பாக்கிக்கு உரியதாகையால் இடைவெளிக்குப் பித்தளைத் தகடு வெட்டி வைக்க வேண்டியிருந்தது. தகடு எங்கள் வீட்டில் தேநீருக்கு வெந்நீர் காய்ச்சும் சமோவாரிலிருந்து வெட்டியது. சாய்கால் அன்று சொன்னது: "ஊசியில நூல் கோக்கக் கண்ணு தெரியாத மனுஷன், இவருக்குத் தூரத்துல இருக்கறது வேற தெரியணுமாம்!"

மேற்படி பழைய தொலைநோக்கி மூன்றரை மடங்குதான் பெரிதாக்கும். உள்ளே ஓரமாகப் பூஞ்சை படிந்திருந்தது. ஆனாலும் மலைச்சரிவில் பாதி அதற்குள் அடங்கும். எர்மெக் அதோடு இரண்டு குளிர்காலம் ஓநாய் சுட்டான், குறை எதுவும் சொல்லவில்லை. குறை சொன்னவன் நான். போன இலையுதிர்காலத்தில் ஓஷ் சந்தைக்குப் போனபோது கடைக்காரன் ஒருவன் பன்னிரண்டு மடங்கு தொலைநோக்கியைக் கையில் கொடுத்து, "கண்ணு மங்கிப் போயிருந்தாலும் பரவால்ல அண்ணே, இதுல பாத்தா நிலாவுல ஆடு மேயறதே தெரியும்" என்றான். சந்தைக்கு அப்பால் ஒரு மசூதிக் கோபுரத்தின் மேல் உட்கார்ந்திருந்த புறாவின் கண் எனக்குத் தெரிந்தது. வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மாட்டியபோது எர்மெக் பார்த்துவிட்டு, "அப்பா, மூக்கு தெரியுது, மூஞ்சி தெரியல" என்றான். "பழகிக்கடா, பழைய காலத்து ஆளு மாதிரி பேசாத" என்று சொன்னேன்.

சம்பவ நாளில் ஓநாய்கள் குதிரைக் கூட்டத்தில் விழுந்து இரண்டு குட்டிகளைக் கொன்றதால் ஊர் ஆண்கள் மலைக்குப் போனோம். பனி பெய்துகொண்டிருந்தது. எர்மெக் பாறை மேல் படுத்தான், நான் கீழே எங்கள் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அதன் பிறகு எர்மெக் சறுக்கி இறங்கி ஓடினான், நானும் ஓடினேன். எதிர்ச்சரிவில் காசிமாலி ஓநாய்ப் பொறி வைப்பதற்காக மண்டியிட்ட நிலையிலேயே விழுந்து கிடந்தார். ஈரப் பனிக்காக ஓநாய்த் தோல் கோட்டை உரோமம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தார். சரிவில் சற்று மேலே அவருடைய குதிரை அமைதியாக நின்றது. எர்மெக் தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினான். "குதிரை காலுகிட்ட ஓநாயின்னு நெனச்சேன் அப்பா, அவுத்துவிட்ட குதிரைன்னு நெனச்சேன்" என்றான்.

அடக்கத்துக்கு எங்கள் வழக்கப்படி ஆண்கள் தூரத்திலிருந்தே வாய்விட்டுக் கதறியபடி துக்கக் கூடாரத்தை நோக்கிப் போக வேண்டும். இறந்தவரின் சகோதரர்கள் வாசலில் கோலூன்றி நின்று பதிலுக்குக் கதறித் தழுவிக்கொள்வார்கள். நான் தனியாகப் போனேன். "என் தம்பியே" என்று கதறினேன். வாசலில் நின்ற காசிமாலியின் அண்ணன் திய்கான் சத்தமில்லாமல் கோலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அருகில் போனதும், "சேணம் போட்ட குதிரை நின்னுச்சே டோக்டோ. ஒன் பையனுக்குக் கண்ணு இல்லயா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு நான் ஆய்வாளரிடம் மன்றாடியதன்பேரில் நேற்று திய்கானையும் கூட்டிக்கொண்டு சம்பவ இடத்துக்குப் போனோம். "இது என்ன சினிமாவாய்யா?" என்று முதலில் சத்தம் போட்ட ஆய்வாளர்தான் சுட முடியாதபடி போல்ட்டை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டு, புதுத் தொலைநோக்கி மாட்டியபடியே துப்பாக்கியை எடுத்துவந்தார். காசிமாலியின் குதிரையைச் சேணத்தோடு அதே இடத்தில் நிறுத்தினோம். மண்டியிட ஆள் வேண்டுமென்றதும் யாரும் முன்வரவில்லை. நான் உரோமம் வெளியே தெரியும்படி ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு, காசிமாலி விழுந்த இடத்தில் மண்டியிட்டேன். திய்கான் பாறை மேல் படுத்துத் துப்பாக்கியை என் மேல் குறிவைத்தார். அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு நான் கொண்டுபோயிருந்த பழைய தொலைநோக்கியைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

அதன் பிறகு இறங்கி வந்து, ஆய்வாளர் முன்னிலையில், "புதுசுல குதிரையோட காலுதான் தெரியுது. சேணம் தெரியல. எழுதிக்குங்க" என்றார். எழுந்திருக்க எனக்குக் கை கொடுத்தார். கையை விடாமலே, "பழசுல எல்லாம் தெரியுது. குதிரை, சேணம், அவன் கட்டித் தொங்கவிட்டிருந்த ரொட்டிப் பை கூட. அத ஏன்டா கழட்டுன?" என்று கேட்டார்.

சந்தையில் பார்த்த புறாக் கண்ணைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதில் சொல்லாமல் நின்றேன் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

எழுதியதை ஆய்வாளர் படித்துக் காட்டினார். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, நடந்தது நடந்தபடி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) டோக்டோனாலி