சுவர்ணரேகாவில் நட்ட மூங்கில்

தங்கம் அரிக்கப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தட்டைத்தான் வாங்குகிறார்கள். முதலில் வாங்க வேண்டியது ஒரு தாழ்வான முக்காலி. அறுபதைத் தாண்டிய முழங்கால், காலை முழுக்க ஆற்றோரம் குந்தியிருந்தால் பிறகு எழுந்திருக்காது. இதை எனக்குச் சொன்னவர் இராஜமாணிக்கம். எனக்கு முக்காலி வாங்கித் தந்தவரும் அவரே.

தமிழில் எழுதித் தரலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்று நீங்கள் சொன்னதற்கு நன்றி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவரை ஆங்கிலத்தில்தான் எழுதினேன். ஆனால் இது அந்த மொழியில் வராது.

என் பெயர் விஸ்வநாதன். லேக் கார்டன்ஸில் வீடு. ஓய்வு பெற்ற பிறகு என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஏரியைச் சுற்றிவிட்டு வருவேன், செருப்பைக் கழற்றாமலே மறுபடி கிளம்புவேன். பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் போய், எந்த ரயிலிலும் ஏறாமல் பிளாட்பாரத்தில் நடந்துவிட்டுத் திரும்புவேன். நன்றாக ஓடும் மின்விசிறியைக் கழற்றி மாட்டுவேன். என் மனைவி ராஜலக்ஷ்மி, "ஏன்னா, சித்த நேரம் உக்காருங்கோளேன், பாக்கறச்சயே நேக்குத் தலை சுத்தறது" என்பாள்.

கீழ் வீட்டு இராஜமாணிக்கம் ரயில்வேயில் இருந்தவர், நிதானமான மனிதர். மனைவி காலமாகிவிட்டார், மகள் பூங்கோதையோடு இருந்தார். காட்சிலா பக்கம் சுவர்ணரேகா ஆற்றில் தங்கம் அரிக்கிறார்கள் என்று செல்போனில் ஒரு வீடியோ காட்டி, போய்ப் பார்ப்போமா என்று கேட்டார். எனக்கு எங்கேயாவது போனால் போதும் என்றிருந்தது.

மொட்டைமாடியில் பழகினோம். துணி துவைக்கும் டப்பில் தண்ணீர், தட்டில் கட்டட மணல், அதற்குள் தங்கத்துக்குப் பதிலாக, தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டைத் துணுக்குகளாக வெட்டிப் போட்டது. தண்ணீருக்குள்ளேயே தட்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் கனமானது கீழே இறங்கும். பிறகு லேசாகச் சாய்த்து மேல் மணலைப் போகவிட வேண்டும். கடைசியில் கறுப்பு மணல் மிஞ்சும், அதற்குள் பார்க்க வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் ஈயத்தையும் சேர்த்துக் கொட்டினேன். "அவசரமே வேண்டாம் சார். யாரும் நம்மள விரட்டல" என்பார்.

குளிர்காலத்தில் ஹௌராவிலிருந்து காலை ரயிலில் போக ஆரம்பித்தோம். அந்த ஆற்றில் லாரிக்காரர்கள் மணல் எடுத்த பள்ளங்கள் உண்டு. மேலே தண்ணீர் ஒரே நிறத்தில் இருக்கும், பள்ளம் தெரியாது. நாங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலும் ஒன்று இருந்தது. அதன் விளிம்பில் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன். மூங்கிலுக்கு இந்தப் பக்கம் கணுக்கால் தண்ணீர், அந்தப் பக்கம் போகக் கூடாது. ஆபத்தை முன்கூட்டியே பார்ப்பதுதான் என் தொழிலாக இருந்தது. போனவுடன் நான் ஆழம் பார்ப்பேன், அவர் என்னை நம்பி இறங்குவார். அவருக்கு நீச்சல் தெரியாது.

அவருக்கு முதலிலேயே தங்கம் கிடைத்தது. எனக்குக் காக்காய்ப்பொன் என்கிற அப்ரகத் துணுக்குதான் மின்னியது. நிழலில் பிடித்தால் அப்ரகம் அணைந்துவிடும், தங்கம் மஞ்சளாகவே இருக்கும். பிறகு ஒரு நாள் என் கறுப்பு மணலிலும் ஒரு பொட்டு நிழலில் அணையாமல் கிடந்தது. அன்றிலிருந்து போகும்போதெல்லாம் கிடைத்தது. ஹோமியோபதிப் புட்டியில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆமாம், உட்கார்ந்து.

பொங்கலன்று சாப்பிடும்போது, இராஜமாணிக்கத்துக்கு இப்போதெல்லாம் அதிகம் கிடைப்பதில்லை, என் கைதான் தேறிவிட்டது என்று ராஜலக்ஷ்மியிடம் சொன்னேன்.

"தனக்குக் கிடைக்கறதெல்லாம் உங்க தட்டுல போட்டுட்டா அவருக்கு எங்கேர்ந்து மிஞ்சும்?" என்றாள். சொன்ன பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். "நான்தான் அவரண்ட கேட்டுண்டேன். நீங்க நிம்மதியா இருக்கணும்னுதான்."

பரவாயில்லை என்றேன். இன்னும் கொஞ்சம் பொங்கல் போட்டுக்கொண்டேன். அன்றே மறுபடி நடக்க ஆரம்பித்தேன்.

எனக்குக் கோபம் இல்லை, இதைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பக்கத்தில் இருக்கும்வரை, நான் எடுத்தது எது, அவர் போட்டது எது என்று எனக்குத் தெரியப் போவதில்லை. வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லியிருந்தால் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் வருத்தப்பட்டிருப்பார். அவரை வருத்தப்படுத்த எனக்கு மனமில்லை.

அடுத்த முறை போனபோது அவர் கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் ஆழம் பார்க்க இறங்கினேன். மூங்கிலைப் பிடுங்கி, பள்ளத்தைச் சுற்றிப் போய் அதன் மறுபக்க விளிம்பில் நட்டேன். துணியை இறுக்கிக் கட்டினேன்.

சற்று நேரம் என் பக்கத்தில் இருந்துவிட்டு, அவர் தன் தட்டோடு மூங்கிலை நோக்கி நடந்தார். ஒரு முறை "விசு சார்" என்று கூப்பிட்டார். சத்தமாகக்கூட இல்லை. நான் அப்போது கறுப்பு மணலுக்கு வந்திருந்தேன். அந்தக் கட்டத்தில் தலையைத் திருப்பினால் எல்லாம் போய்விடும். அலசி முடித்தேன். ஒரு பொட்டு இருந்தது, அதுவரை கிடைத்ததிலேயே பெரியது. புட்டியில் போட்டு மூடிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் ஒரே நிறத்தில் இருந்தது. மூங்கிலைப் பிடுங்கி ஆற்றோடு விட்டுவிட்டு, ஆட்களைக் கூப்பிடப் போனேன்.

அங்கே போலீஸில் விபத்து என்று முடித்துவிட்டார்கள். அனுபவமில்லாத முதியவர்கள் இருவர் ஆழம் பார்க்காமல் இறங்கினார்கள் என்று எழுதியிருப்பதைப் பூங்கோதை எனக்குப் படித்துக் காட்டினாள். இங்கே பிறந்து வளர்ந்த பெண், பெரியப்பா முறைக்கு வங்காளிகள் சொல்வதுபோல் என்னை ஜேட்டு என்றுதான் கூப்பிடுவாள்.

"ஒரு குச்சிகூடவா நட்டு வைக்கல, ஜேட்டு?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. பவானிபூர் வரை நடந்தேன், திரும்பி நடந்தேன். ஆழம் பார்க்காதவன் என்று என்னை எப்படி எழுதலாம்? நான் பார்த்தேன். அடி அடியாகப் பார்த்துத்தான் நட்டேன். இராஜமாணிக்கம் இறந்தது கவனக்குறைவால் அல்ல, என்னால். அதைத் திருத்திக்கொள்ளத்தான் வந்தேன்.

புட்டியை உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். பழையதையெல்லாம் பூங்கோதையிடம் கொடுத்துவிடுங்கள், அவை அவள் அப்பாவுடையவை. அந்தப் பெரிய பொட்டு மட்டும் எனக்கு வேண்டும். மூங்கிலை நோக்கிப் போவதற்குமுன் அவர் குனிந்து, என் தட்டை வாங்கி ஓர் ஆட்டு ஆட்டித் திருப்பிக் கொடுத்தார் என்பது உண்மைதான். இருந்தாலும் அது நானாக எடுத்தது.