அலுமாரிக்குள் கன்வர்ட்டர்

தெல்தோட்டையிலிருந்து கண்டி போகும் பஸ்ஸில், மகளை மடியில் வைத்திருந்த ஸ்கூல் வேன்காரர் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னார்:

“வேன் கன்வர்ட்டரக் கழட்டி அலுமாரியில வச்சுப் பூட்டிட்டேன், அண்ணே.”

“புகைய சுத்தம் பண்ற சாமானாச்சே! ஏன் கழட்டுனீங்க?”

“வெல கூடுன சாமான். ஓட ஓடப் பழுதாயிரும்ல? வருசத்துக்கு ஒருக்கா புகை டெஸ்டுக்கு மட்டும் மாட்டுவேன். போன கெழமகூட பாஸ்.”

“சரி, வேன் இருக்கயில ஏன் பஸ்ல போறீங்க?”

“புள்ளைக்கு இழுப்பு. பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போறோம். நம்ம வேன் புகை இவளுக்கு ஒத்துக்காது.”

“அப்ப அதுல ஸ்கூல் போற புள்ளைங்க?”

வேன்காரர் மகளின் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே சொன்னார்: “அதுங்களுக்குப் பழகிருச்சு, அண்ணே.”