சுற்றி வரும் தலைவர் கதிரை

ஒட்டுக்கேட்டது தவறுதான். ஆனால் முன் இருக்கையில் ஒருவர் தன் மனைவியிடம், "கம்யூனிஸ்ட் கட்சியை எங்கட தமிழ்ச் சங்கத்துக்குள்ள கொண்டு வரப்போறன்" என்றால் எப்படிக் காதைப் பொத்திக்கொள்வது? எழுபதுகளின் கடைசியில், புலம்பெயர்ந்து வந்த நகரில், லிட்கம் என்ற புறநகருக்குப் போகும் ரயிலில் கேட்டது இது.

"விசர்க்கதை கதையாதேங்கோ. இண்டைக்குக் கூட்டத்தில அப்பா தலைவர் கதிரையை விடாட்டி, கொழும்பு ஆக்கள் பிரிஞ்சு போயிடுவினம். சங்கம் ரெண்டாயிடும்."

"அதுக்குத்தான் சொல்லுறன். என்னோட வேலை செய்யிற யூகோஸ்லாவியாக்காரன் விளங்கப்படுத்தினவன். அங்க ஆளுற கட்சியின்ர தலைமையில ஒவ்வொரு குடியரசுக்கும் இடம் இருக்கு. கூட்டம் நடத்துற தலைவர் வருசாவருசம் மாறுவார். இந்த வருசம் ஒரு குடியரசு, அடுத்த வருசம் இன்னொண்டு. நாங்களும் யாழ்ப்பாணம், கொழும்பு, மட்டக்களப்பு எண்டு சுத்த விடுவம்."

"அப்ப அப்பா?"

"அங்கயும் ஒரு கிழவர் இருக்கிறார். அவர் எல்லாருக்கும் மேல, சாகுமட்டும் தலைவர். மாமாவையும் அப்பிடி மேல ஏத்தி விடுவம்."

மனைவி சிரித்துவிட்டார். "அது அவருக்குப் பிடிக்கும். ஒரு மாலையும் போட்டுவிடுங்கோ." பிறகு கேட்டார்: "அந்தக் கிழவர் போனாப் பிறகு சண்டை வந்தால் ஆர் விலக்குப் பிடிக்கிறது?"

"சண்டை ஏன் வரப்போகுது? ஆளுக்கொரு முறை இருக்கே."

அந்தக் கிழவர் போன பிறகு, பின்னாளில் யூகோஸ்லாவியா போரில் துண்டுதுண்டானது. அதைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தவன் நான். அந்தப் பெண்ணின் கேள்வியை விட்டுவிட்டு, கணவரின் பதிலுக்குத்தான் பின்னால் இருந்து தலையாட்டினேன்.